‘மடக்கி உழுதுருங்க’ என்று சொன்ன என் குரல்

மம்பட்டி இறங்காத காடு

வேளாண்மை ஆபீசுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயம்தான் கேட்பார்கள். விதை வந்துவிட்டதா, உரம் வந்துவிட்டதா, மானியம் எப்போது வரும். உதவி வேளாண்மை அலுவலராக இருந்த காலம் முழுக்க இந்த மூன்றுக்கும் தூக்கத்தில்கூட பதில் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன். சங்கரபாண்டி அண்ணாச்சி நாலாவதாக ஒன்று கேட்டார்.

ஆனி மாதம் ஒரு காலை நேரம். எழுபது வயதுக்காரர் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். கழற்ற வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

“மேடம், மம்பட்டி எறங்குத மாதிரி மண்ண ஆக்க முடியுமா?”

“வெதைக்கதுக்கா அண்ணாச்சி?”

“வெதைக்கதுக்குந்தான்” என்றார்.

அந்த ‘உந்தான்’ எனக்கு உறுத்தியது. உட்காரச் சொல்லி விசாரித்தேன். கயத்தாறுக்குக் கிழக்கே அவருக்கு நாலு ஏக்கர் செவக்காடு, மானாவாரி. கம்பும் உளுந்தும் போட்டு வந்தவர். தூத்துக்குடி ஹார்பரில் இறங்கும் காற்றாலை றெக்கைகள் அந்த வழியாகத்தான் போகும். ஒவ்வொரு றெக்கையும் எங்கள் சாயர்புரம் கோயிலை விட நீளம். அதை ஏற்றிவரும் டிரெய்லர் நின்று திரும்புவதற்கு ஒரு கம்பெனி அவர் காட்டை ஒன்றரை வருடத்துக்கு வாடகைக்கு எடுத்தது. பேசி முடித்தது அவர் மகன் சிவா. ஹார்பரில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை செய்கிறவன். கம்பெனிக்காரர்கள் சரள் கொட்டி, ரோலர் விட்டு, யார்டு ஆக்கினார்கள். வேலை முடிந்ததும் சரளைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பேச்சுப்படி அது சரிதான், யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

அவர்கள் போன இரண்டாவது வாரம் அண்ணாச்சியின் மனைவி ஆவுடையம்மாள் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். அவர்கள் சொந்தத்தில் எரிக்கும் வழக்கம் கிடையாது, சொந்தக் காட்டிலேயே அடக்கம் செய்வார்கள். குழி வெட்ட நாலு பேர் போனார்கள். மம்பட்டி துள்ளித் துள்ளி எழும்பியது. கடப்பாரை போட்டுப் பார்த்தார்கள், பொறி பறந்ததே தவிர மண் வரவில்லை. கடைசியில் ஜேசிபி சொல்லித்தான் குழி எடுத்தார்கள்.

“அவள எறக்கும்போதும் அந்த வண்டி பக்கத்துல உறுமிக்கிட்டே நிக்கி மேடம். நிறுத்துலேன்னா அவனுக்குக் கேக்கல. நாப்பத்தாறு வருசம் அவ களையெடுத்த காடு. அவளுக்கு ஒரு குழிக்கு எடம் விடமாட்டேன்னுட்டு.”

சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ரெண்டு விரக்கடை

ஆபீசில் எனக்கு ‘கம்பி மேடம்’ என்று பட்டப்பெயர். தூத்துக்குடியில் ஒரு லேத் பட்டறையில் சொல்லி, மூன்றடி நீள இரும்புக் கம்பிக்குக் கூர் வைத்து, மேலே கைப்பிடி பற்றவைத்து வாங்கியிருந்தேன். எந்த நிலத்துக்குப் போனாலும் ஸ்கூட்டியில் அது கூடவே வரும். “மேடம் இன்னைக்கு எங்க கம்பி எண்ணப் போறாங்க?” என்று கிளார்க் தினமும் கேட்பார். மண்ணுக்கு அழுத்தமானி என்று நல்ல கருவி இருக்கிறது. அது தலைமை ஆபீஸ் பீரோவில் இருக்கும், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. என் கம்பி போதும். உடம்புப் பாரத்தை ஏற்றி அழுத்தினால் எந்த ஆழத்தில் கை நிற்கிறதோ அங்கே தட்டு இருக்கிறது என்று அர்த்தம். தட்டு என்றால் இறுகிப்போன மண் அடுக்கு. வேரும் அதைத் தாண்டாது, மழைத் தண்ணியும் தாண்டாது.

அண்ணாச்சி காட்டில் கம்பி ரெண்டு விரக்கடை, அதாவது இரண்டு விரல் அகலம், இறங்கி நின்றுவிட்டது. இருபது இடத்தில் குத்திப் பார்த்தேன், எல்லா இடத்திலும் அதே கதைதான். ஆவுடையம்மாளைப் புதைத்த கிழக்கு மூலையில் மட்டும், குழி எடுத்த இடம் மேடாகக் கிடந்தது.

சிவா அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தான். நல்ல பையன்தான். வெடுக்கென்று பேசுவான், மனதில் ஒன்றும் இருக்காது.

“மேடம், நான் நேராவே சொல்லுதேன். கம்பெனிக்காரன் மறுபடி கேக்கான். இந்தத் தடவ முப்பது வருசத்துக்கு. ஒண்ணுக்கும் ஒதவாத தரையக் கட்டிக்கிட்டு அப்பா வெயில்ல நிக்காவ. எத்தன நாளைக்கு நிப்பாவ?”

“உங்க அம்மா இங்கன கெடக்காலே” என்றார் அண்ணாச்சி.

“அந்த மூலைய விட்டுட்டுத்தான் குடுப்போம்.”

“சுத்தி லாரி நிக்கும். நடுவுல அவ கெடப்பாளா?”

இருவருக்கும் நடுவில் கம்பியோடு நின்றேன். கடைசியில் சிவாவே ஒரு வழி சொன்னான். தை வரைக்கும் பார்ப்போம். தையில் அந்தக் கம்பி காடு முழுக்க ஒரு சாண் இறங்கினால் அப்பா விதைத்துக்கொள்ளட்டும். இறங்காவிட்டால் கையெழுத்து. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். முடியும் என்று தலையாட்டினேன். என் கம்பியை வைத்து ஒரு குடும்பம் பந்தயம் கட்டுகிறதே என்று அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

செத்த வேர்

ஆவணியில் மண் நன்றாகக் காய்ந்திருந்தபோது உளிக்கலப்பை விட்டோம். ஈரத்தில் உளி விட்டால் அது மண்ணைக் கிழிக்கும், உடைக்காது. காய்ந்த மண்தான் நொறுங்கும். குறுக்கும் நெடுக்கும் ஒரு தடவை ஓட்டியதில் கோடு கோடாகத் திறந்தது. ஆனால் உளி திறந்தது ஒரு மழைக்குத் திரும்ப மூடிக்கொள்ளும். மூடாமல் வைக்க வேர் வேண்டும்.

ஐப்பசி முதல் மழைக்கு மூடுபயிர் விதைத்தோம். சணப்பும் துவரையும் கலந்து, இடையில் காணம் என்கிற கொள்ளு. வரப்பிலும் ஆவுடையம்மாள் மூலையிலும் கொழுஞ்சி. கொழுஞ்சி விதைக்குத் தோல் கெட்டி. மணலோடு சேர்த்து உரசினால்தான் முளைக்கும். அண்ணாச்சி சாக்கை விரித்து உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க விதையை உரசினார். எதிரே நின்று இதைத்தான் சொன்னேன்:

“அண்ணாச்சி, இது உரத்துக்குப் போடுத பயிரு இல்ல. வேருக்குப் போடுதது. அதனால இத உழக் கூடாது. காய்ஞ்சதும் தரையோட அறுத்து அப்படியே பரப்பிருங்க. வேரு உள்ளயே இருக்கட்டும். அது செத்து மக்கின ஓட்ட வழியாத்தான் அடுத்த பயிரு வேர் கீழ போவும். ஈரத்துல டிராக்டர் எறங்கவே கூடாது.”

“செத்த வேருதான் வழி விடுமோ?”

“ஆமா.”

அவர் அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு மறுபடி உரச ஆரம்பித்தார்.

விதைத்த பிறகு நாற்பத்தைந்து நாளும் அண்ணாச்சி சிரித்த முகமாக இருந்தார். சணப்பு இடுப்பளவு வந்தது. கார்த்திகை மழை நின்று பெய்தது, தண்ணி தேங்காமல் உள்ளே போனது. நான் வாரம் ஒருமுறை போவேன். துவரைப் பக்கத்தில் கம்பியை வைத்தால் கை அழுத்த அழுத்தப் போகும். ஒரு சாணுக்கு நாலு விரக்கடைதான் குறை. அண்ணாச்சி சிவாவுக்குப் போன் போட்டு, “ஏலே, எறங்குதுலே” என்று சொல்லிவிட்டு வேறு எதுவும் பேசாமல் வைத்துவிட்டார்.

குரல்

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமான இடம். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்தக் கார்த்திகையில் தாமிரபரணிப் பக்கத்து நெல் கிராமங்களையும் எனக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருந்தார்கள். அங்கே நடவுக்கு முன்னால் தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்து, பூ எடுத்ததும் சேற்றில் மடக்கி உழுவார்கள். அது உரத்துக்காக. அந்த விவசாயிகளை எல்லாம் என் பழைய வாட்ஸ்அப் குரூப்பிலேயே சேர்த்துவிட்டேன். இரண்டு குரூப் வைத்துப் பார்க்கச் சோம்பல், வேறு காரணம் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டேன். “எல்லாருக்கும் வணக்கம். சணப்பு, தக்கைப்பூண்டு பூ எடுத்தாச்சுன்னா இனி தாமதிக்காதீங்க, உடனே மடக்கி உழுதுருங்க.” எங்கள் துறையில் பசுந்தாள் உரம் என்ற பேச்சு வந்தாலே நாக்கு தானாக இந்த வாக்கியத்துக்குப் போகும். இருபத்தொன்பது வருடமாக நான் சொல்லிச் சொல்லித் தேய்த்த வாக்கியம் அது. பதிலாக நாற்பது பேர் ‘சரி மேடம்’ என்று போட்டார்கள். சிலர் கட்டைவிரல் போட்டார்கள், சிலர் வாய்ஸ் போட்டார்கள். ஒன்றையும் திறக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

சனிக்கிழமை அண்ணாச்சி காட்டுக்குப் போனேன். தூரத்தில் இருந்தே பச்சை தெரியவில்லை. வழி தவறிவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் போனால் நாலு ஏக்கரும் மாவாக அரைபட்டுக் கிடந்தது. கத்தி சுழன்று மண்ணை அரைக்கும் ரோட்டவேட்டர் விட்டிருக்கிறார்கள், அதுவும் மழை ஈரத்தில். டயர்த் தடம் இரண்டு பக்கமும் வழுவழுவென்று மின்னியது. கிழக்கு மூலைக்கு மட்டும் டிராக்டர் போகவில்லை.

அண்ணாச்சி பெருமையோடு எதிரே வந்தார். “முடிச்சாச்சு மேடம். டிரைவர் வர மாட்டேன்னான், ஈரம் கெடக்குன்னான். நாந்தான் விடல. மேடமே வாய்ஸ் போட்டாச்சு, தாமதிக்கப்புடாதுன்னு.”

“நான் உழக் கூடாதுன்னு சொன்னேனே அண்ணாச்சி.”

“ஆமா, ஐப்பசில சொன்னிய. இப்ப மாத்திச் சொல்லுதியன்னா அதுல ஏதோ காரணம் இருக்கும்லா.”

கம்பியை அழுத்தினேன். நாலு விரக்கடை வரை வெண்ணெயில் போவது போல் போய் அங்கேயே முட்டிக்கொண்டது. கத்தி சுற்றிச் சுற்றி அடியில் பூசி விட்ட தட்டு. என் முகத்தைப் பார்த்து அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் அவரே, “விடுங்க மேடம், மண்ணுதானே” என்றார். என் கண் நிறைந்துவிட்டது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தையில் சிவா வந்தான். சொன்ன பேச்சுப்படி கம்பியை அவனே வாங்கிக் குத்திப் பார்த்தான். பத்து இடத்தில் குத்தினான்.

“என்னாச்சு? எறங்குதுன்னிய?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி சொன்னார்: “நாந்தாம்ல கெடுத்தேன். அவசரப்பட்டு வண்டிய எறக்கிட்டேன். மேடம் வேண்டாம்னுதான் சொன்னாவ. எனக்குத்தான் காதுல ஏறல.”

சிவா என்னைப் பார்த்தான். அந்த நேரத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ரிட்டயர்மெண்டுக்கு ஆறு மாதம் இருந்தது. ஒரு மெமோ கூட வாங்காத சர்வீஸ் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். என் வாய்ஸால் ஒரு விவசாயியின் காடு போச்சு என்று பேச்சு கிளம்பினால் என்ன ஆகும் என்று அந்த ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டேன். அண்ணாச்சி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எனக்காகத்தான் சொன்னார் என்பது தெரிந்தே நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாசியில் கையெழுத்து ஆனது.

பத்து சென்ட்

கிழக்கு மூலையில் பத்து சென்ட் மட்டும் அவருக்கு என்று விட்டார்கள். சுற்றிலும் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் சரள், ரோலர், டிரெய்லர். அண்ணாச்சி தினமும் போய் அந்தப் பத்து சென்டில் நிற்பார். ரிட்டயர் ஆன பிறகு என்னைப் போகச் சொல்லி யாரும் அனுப்பவில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை சாயர்புரத்தில் இருந்து பஸ் பிடித்துப் போவேன். அவர் ஒரு தடவைகூட பழசைப் பேசியதில்லை. “வந்திட்டியளா, வாங்க, கொழுஞ்சி பூத்திருக்கு” என்பார்.

கொழுஞ்சியை ஆடு மாடு கடிக்காது. ஒருமுறை போட்டால் உதிர்ந்த விதை அடுத்த மழைக்குத் தானாக முளைக்கும். அந்த இடத்தில் ஒரு சக்கரமும் ஏறவில்லை. கொழுஞ்சி காய்ந்ததும் அண்ணாச்சி அரிவாளால் தரையோடு அறுத்துப் பரப்புவார். நடுவில் துவரை நாலைந்து செடி வைத்திருந்தார். எல்லாம் நான் ஐப்பசியில் சொன்னபடியே, ஒரு வார்த்தை பிசகாமல்.

இரண்டாவது வருடம் மார்கழியில் அவர் போய்விட்டார். காலையில் காட்டுக்குப் போகக் கிளம்பியவர் வீட்டு வாசல்படியிலேயே சரிந்துவிட்டார். சிவாதான் எனக்குப் போன் போட்டுச் சொன்னான்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆவுடையம்மாள் பக்கத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதே நாலு பேரில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஜேசிபி சொல்லவா என்று ஒருவன் காலையிலேயே கேட்டானாம், முதலில் வெட்டிப் பாருங்க என்று சிவா சொல்லியிருக்கிறான். இடுப்பளவு குழிக்குள் நின்றவன் நிமிர்ந்து மம்பட்டியைப் பார்த்தான்.

“என்ன இது, பொலபொலன்னு வருது. போன தடவ கடப்பாரையே ஏறலயே.”

குழிச் சுவரில் செத்த வேர்கள் இறங்கிப்போன தடம் நூல் நூலாகத் தெரிந்தது. மூன்று சாண் ஆழத்துக்கு எண்ணினேன். அதற்குக் கீழே பார்க்க முடியாமல் கண்ணீர் மறைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் டிரெய்லர்கள் நின்றன. டிரைவர்கள் துக்கத்துக்கு மரியாதையாக எஞ்சினை நிறுத்தி வைத்திருந்தார்கள். மம்பட்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அண்ணாச்சி கேட்டது கிடைத்துவிட்டது. நாலு ஏக்கரும் இப்படி ஆகியிருக்க வேண்டியது, பத்து சென்டில் ஆகியிருந்தது.

சரிங்க மேடம்

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு சிவாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். மனதுக்குள் வாக்கியம் எல்லாம் தயாராக இருந்தது. அவன் முந்திக்கொண்டான். அப்பாவின் போனை எடுத்து வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

“மேடம், அப்பாவுக்குக் காது நல்லாத்தான் கேக்கும். இல்லையா?”

“கேக்கும் தம்பி.”

அவன் தொட்டான். என் குரல் வந்தது. டப்பா மூடி திறக்கும் சத்தத்தோடு, அவசர அவசரமாக. “…உடனே மடக்கி உழுதுருங்க.” எந்த நிலத்துக்கு, எந்த ஊருக்கு என்று அந்தக் குரல் சொல்லவே இல்லை. அடுத்து வரிசையாகச் சரி மேடம், சரி மேடம். விரலால் தள்ளிக்கொண்டே போய் ஒன்றில் நிறுத்தினான். அண்ணாச்சியின் குரல்.

“சரிங்க மேடம். நாளைக்குச் சாயங்காலம் வண்டி வரச் சொல்லுதேன். முன்ன உழக் கூடாதுன்னிய, அதான் ஒரு வார்த்த கேட்டுக்கிட்டேன். மூலையில மட்டும் அவ கெடக்கா, அங்கன வண்டி விடமாட்டேன். ஒண்ணும் தப்பில்லலா?”

செவ்வாய் மத்தியானம் போட்டிருக்கிறார். டிராக்டர் இறங்கியது புதன் சாயங்காலம். அதைத் திறந்து கேட்க எனக்கு ஒரு நாளுக்கு மேல் இருந்திருக்கிறது.

“இது என்னோட தப்புதான் தம்பி” என்றேன். “அன்னைக்குத் தையில நான் பேசாம நின்னதும் என் தப்பு.”

சிவா கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னொரு வருசம் குடுத்துருப்பேன் மேடம். அப்பா பிடிவாதத்துல கெடுத்துட்டாவன்னுதான் கையெழுத்துப் போட்டேன். போட்ட பெறவு ரெண்டு வருசம் அவியட்ட நான் முகம் குடுத்துப் பேசல.”

எனக்கு வைத்திருந்த காபி ஆறிப்போனது. அவன் மனைவி வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது ஆபீசில் இருக்கும் பிள்ளைகள் சந்தேகம் கேட்டு எனக்குப் போன் செய்கிறார்கள். மூடுபயிர் பற்றிக் கேட்டால் சொல்கிறேன். உரத்துக்கா வேருக்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள். வேருக்கு என்றால் உழாதீர்கள், ஈரத்தில் சக்கரத்தை ஏற்றாதீர்கள். எதைச் சொன்னாலும் ஆளின் பெயரையும் காட்டின் பெயரையும் சொல்லி, பிறகு யோசனையைச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததோடு வேலை முடிந்தது என்று டப்பாவைத் திறக்காதீர்கள். ‘சரி மேடம்’ என்று வருவதை ஒவ்வொன்றாகத் திறந்து கேளுங்கள், அதற்குள் ஒரு கேள்வி இருக்கலாம். தப்பு நடந்துவிட்டால் அங்கேயே, அந்த நிமிடமே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். மெமோ வந்தால் வரட்டும்.

அந்த வாய்ஸை எனக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். சிவா அனுப்பினான். என் போனில் இருக்கிறது, பதினெட்டு விநாடி. “ஒண்ணும் தப்பில்லலா?” என்று கேட்டு நிற்கிறது. அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை.